இன்ட்ல நம்பர் வாங்கும்போது ரேஞ்ச் செக் ஏன் ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு மாதிரி நடக்குது? சி, சி++ கேள்வி பதில்

லேப்லயும் ப்ராஜெக்ட் ரிவ்யூலயும் ஜூனியர்ஸ் என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்கற சந்தேகங்கள் இது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி அனுப்பி அனுப்பி, சரி ஒரே இடத்துல போட்டுடலாம்னு உக்காந்து எழுதினேன். கேள்வியை அவங்க கேட்ட மாதிரியே வச்சிருக்கேன். ரேஞ்ச் செக்னா, குடுத்த நம்பர் அந்த வேரியபிள்ல அடங்கற அளவுக்குள்ள இருக்கான்னு பாக்கறது. நான் வேற ஒண்ணும் சொல்லாத இடத்துல எல்லாம் 64 பிட் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், அதோட வர்ற ஜிலிப்சி லைப்ரரின்னு எடுத்துக்கோங்க. முதல் நாலஞ்சு கேள்வி அடிப்படை, தெரிஞ்சவங்க தாண்டிப் போகலாம், ஆனா ஆறாவது கேள்வியை மட்டும் விட்டுடாதீங்க.

1. அக்கா, இன்ட்ல எவ்ளோ பெரிய நம்பர் வரைக்கும் வைக்கலாம்?

இன்ட்னா (int) முழு எண் வைக்கற டைப், இன்னிக்கு நம்ம லேப்டாப்ல இருக்கற கம்பைலர்ல அது 32 பிட். -2147483648ல ஆரம்பிச்சு 2147483647 வரைக்கும், அதாவது 214 கோடியே 74 லட்சத்து சொச்சம். அன்சைன்ட் இன்ட்னா, அதாவது நெகட்டிவே இல்லாத இன்ட்னா, 0ல இருந்து 4294967295 வரைக்கும்.

இன்னும் டர்போ சி வச்சிருக்கற லேப்ல படிக்கறவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம்: அங்க இன்ட் 16 பிட்தான், லிமிட் 32767. அங்க ஒரு இன்ட்ல 40000ஐ வச்சு பிரிண்ட் பண்ணா -25536ன்னு வரும், அதே ப்ரோக்ராம் வீட்டுல ஜிசிசில சரியா ஓடும். அதனால "எனக்கு சரியா வருது, உனக்கு ஏன் வரல"ன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி யாரு எந்த கம்பைலர்ல ஓட்டறீங்கன்னு பாருங்க.

2. லிமிட்டைத் தாண்டி டைப் பண்ணா ப்ரோக்ராம் எரர் காட்டும்ல?

காட்டும்னு நம்பிதான் எல்லாரும் மாட்டிக்கறோம். டைப் பண்றதைப் படிக்கற ஸ்கேன்எஃப்ல (scanf) பர்சென்ட் டி (%d, இன்ட்டா படின்னு அர்த்தம்) போட்டு, செல் நம்பர் மாதிரி ஒரு பத்து டிஜிட் குடுத்துப் பாருங்க. 9876543210ன்னு டைப் பண்ணுங்க, வேரியபிள்ல 1286608618ன்னு உக்காந்திருக்கும். எரர் இல்ல, வார்னிங் இல்ல, க்ராஷ் இல்ல. நெகட்டிவா வந்திருந்தாலாவது கண்ணுல பட்டிருக்கும், இது பாக்கறதுக்கு நல்ல நம்பர் மாதிரியே இருக்கு, அதான் இதுல எனக்குப் பயமே.

3. அந்த 1286608618 எங்கேருந்து வந்துச்சு?

ஜிலிப்சி அந்த டிஜிட்களை முதல்ல 64 பிட் லாங்கா மாத்துது, அங்க 9876543210 தாராளமா அடங்கும். அப்புறம் உங்க இன்ட்ல வைக்கும்போது கீழ இருக்கற 32 பிட்டை மட்டும் வச்சுட்டு மேல இருக்கறதை வெட்டிடுது. கணக்கா பாத்தா 4294967296ஐ எத்தனை தடவை கழிச்சா இன்ட் ரேஞ்சுக்குள்ள வருமோ அத்தனை தடவை கழிக்கற மாதிரி. இங்க ரெண்டு தடவை கழிச்சா 1286608618. இதே மாதிரி 3000000000 குடுத்தா -1294967296, 4294967297 குடுத்தா 1.

4. நான் 9ஐ வரிசையா இருபது தடவை அடிச்சேன், -1 வந்துச்சு. நீங்க சொன்ன கணக்குப்படி அது வரக்கூடாதே?

நல்லா கவனிச்சிருக்கீங்க. இங்க ரெண்டு ஓவர்ஃப்ளோ, அதாவது நம்பர் இடத்துல அடங்காம வழியறது, ரெண்டும் வேற வேற விதமா நடக்குது. இருபது ஒன்பது 64 பிட்லயும் அடங்காது, அதனால உள்ள இருக்கற கன்வர்ஷன் லாங்கோட மேக்ஸிமம் 9223372036854775807லயே நிறுத்திடுது, அதுக்கு மேல வெட்டாம முட்டுக்கட்டை போட்ட மாதிரி. அப்புறம் அதை 32 பிட்டா வெட்டும்போது கீழ் 32 பிட் எல்லாமே 1, அது சைன்ட் இன்ட்ல -1.

ஒரே ஃபங்ஷன், ஒரே வேரியபிள். கொஞ்சம் தாண்டினா வெட்டுது, ரொம்பத் தாண்டினா முட்டி நின்னுட்டு அப்புறம் வெட்டுது. நான் இந்தப் பக்கமே எழுதறதுக்குக் காரணம் இந்த மாதிரி சீரில்லாத தன்மைதான்.

5. அப்போ இது ஜிலிப்சில இருக்கற தப்பா (bug)?

இல்ல. சி ஸ்டாண்டர்டே, ஸ்கேன்எஃப் மாத்தின மதிப்பு அந்த வேரியபிள்ல அடங்கலேன்னா நடத்தை வரையறுக்கப்படாததுன்னு சொல்லிடுது, அதாவது என்ன வேணா நடக்கலாம், லைப்ரரி எழுதறவங்க எதைச் செஞ்சாலும் தப்பில்ல. டெக்ஸ்டை இன்ட்டா மாத்தற ஏடூஐ (atoi) ஃபங்ஷனுக்கும் இதேதான். அதனால 3லயும் 4லயும் சொன்ன நம்பரை மனப்பாடம் பண்ணி "ஓவர்ஃப்ளோ ஆனா -1 வரும், அதை வச்சு செக் பண்ணிக்கலாம்"னு கோட் எழுதிடாதீங்க, வேற லைப்ரரில வேற வரலாம்.

6. படிச்ச அப்புறம் ஒரு இஃப் போட்டு ரேஞ்சுக்குள்ள இருக்கான்னு பாத்துட்டா போதும்ல?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி, இதுலதான் அதிகமா தப்பும் நடக்குது. ரெண்டு விதமா எழுதறாங்க. முதல் விதம், இன்ட் வேரியபிளை வாங்கிட்டு அது 2147483647ஐ விட பெருசான்னு கேக்கறது. ஒரு இன்ட் எப்படிங்க அதோட மேக்ஸிமத்தை விடப் பெருசா இருக்கும்? அந்த இஃப் எப்பவுமே பொய், கம்பைலர் அதைத் தூக்கியே போட்டுடலாம்.

ரெண்டாவது விதம் பாக்க ஒழுங்கா இருக்கும். வயசு கேக்கறோம், 0க்கும் 150க்கும் நடுவுல இருக்கான்னு செக் போடறோம், இல்லேன்னா திரும்பக் கேக்கறோம். ரிவ்யூல நானே பல தடவை இதைப் பாத்து ஓகே சொல்லிருக்கேன். இப்போ வயசுன்னு 4294967316 அடிங்க. 3ல சொன்ன கணக்குப்படி வேரியபிள்ல வர்றது 20. செக் பாஸ். உங்க ப்ரோக்ராம் முன்னாடி இருபது வயசுப் பையன் நிக்கறான், ஆனா இன்புட்ல வந்தது நானூறு கோடிக்கு மேல. வாசல்ல ஆளை மாத்தி உள்ள அனுப்பிட்டு ஹால்ல உக்காந்து அடையாள அட்டை பாத்து என்ன பிரயோஜனம், அதனால செக் பண்ண வேண்டிய இடம் டிஜிட்களா இருக்கற டெக்ஸ்ட் நம்பரா மாறுற அந்த ஒரு கணம், அதைத் தாண்டிட்டா உண்மையான மதிப்பு என்னன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல.

7. ஸ்கேன்எஃப் ரிட்டர்ன் வேல்யூவை செக் பண்ணா தெரியாதா?

தெரியாது. அது எத்தனை ஐட்டம் படிச்சதுன்னு மட்டும் சொல்லும். 9876543210 குடுத்தாலும் ஒரு ஐட்டம் படிச்சேன்னு 1 தான் ரிட்டர்ன் பண்ணும். நம்பருக்குப் பதிலா யாராவது பேரை டைப் பண்ணா 0 வரும், அதுக்காக கண்டிப்பா செக் பண்ணணும், அதுல சந்தேகமே இல்ல, ஏன்னா அந்த எழுத்துகள் பஃபர்லயே, அதாவது படிக்கறதுக்காக இன்புட் காத்திருக்கற இடத்துலயே, தங்கிடும், லூப்ல போட்டிருந்தீங்கன்னா திரும்பத் திரும்ப அதையே படிக்கப் பாத்து நிக்காம சுத்தும். ஆனா அது வேற பிரச்சனை, ரேஞ்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

8. பர்சென்ட் 9டி போட்டா ஒன்பது டிஜிட்டுக்கு மேல படிக்காதுன்னு ஃப்ரெண்ட் சொன்னான், அது சரியா?

ஓவர்ஃப்ளோவைத் தடுக்கும், அது உண்மை, ஒன்பது டிஜிட்ல மேக்ஸிமம் 999999999 தான், இன்ட்ல அடங்கும். ஆனா பத்தாவது டிஜிட் எங்க போகும்? பஃபர்ல நிக்கும், அடுத்த ஸ்கேன்எஃப் அதை எடுத்துக்கும். 9876543210 அடிச்சா முதல் வேரியபிள்ல 987654321, அடுத்த வேரியபிள்ல 0. ஒரு தப்பு ரெண்டு தப்பா ஆகுது.

9. வயசு தானே, சின்ன நம்பர், அதனால கேர் வேரியபிள்ல பர்சென்ட் டி போட்டு வாங்கினேன். பக்கத்து வேரியபிள் மாறிடுச்சு?

பர்சென்ட் டின்னா அந்த இடத்துல நாலு பைட் எழுதலாம்னு ஸ்கேன்எஃப்க்கு நீங்க சொல்றீங்க, கேர்க்கு இருக்கறது ஒரு பைட். மீதி மூணு பைட் பக்கத்துல இருக்கறதை அழிச்சுட்டு எழுதுது. டைப் பண்ண நம்பர் 5ஆ இருந்தாலும் இது நடக்கும், இங்க மதிப்பு பெருசா சின்னதாங்கறதே விஷயமில்ல. வார்னிங் ஆன் பண்ணி கம்பைல் பண்ணா ஜிசிசி இதைச் சொல்லிடும், பண்ணாம விடாதீங்க.

சரியான ஃபார்மட் பர்சென்ட் எச்எச்டி. அது ஒரு பைட்தான் எழுதும், ஆனா ரேஞ்ச் செக் அதுலயும் கிடையாது, 300 குடுத்தா 44 வரும்.

10. சரி, ஏடூஐ யூஸ் பண்ணலாமா? புக்ல எல்லாம் அதான் இருக்கு.

வேண்டாம். 5ல சொன்ன பிரச்சனை அப்படியே இருக்கு, அதுக்கு மேல இன்னொண்ணு: யாராவது "abc" மாதிரி எழுத்தைக் குடுத்தாலும் 0, உண்மையாவே 0 குடுத்தாலும் 0, ஜிலிப்சில 4294967296 குடுத்தாலும் 0. மூணையும் பிரிச்சுப் பாக்க அதுகிட்ட வழியே இல்ல.

11. அப்போ சி-ல எதைத்தான் யூஸ் பண்றது?

எஃப்கெட்ஸ் (fgets) வச்சு முழு வரியையும் டெக்ஸ்டா வாங்கிக்கோங்க, அப்புறம் எஸ்டிஆர்டூஎல் (strtol) வச்சு லாங் நம்பரா மாத்துங்க. எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க, ஆனா அதுல நாலு இடத்துல கவனமா இருக்கணும்னு யாரும் சொல்றதில்ல.

கூப்பிடறதுக்கு முன்னாடி எர்நோவை (errno, லைப்ரரி எரர் நம்பரை வைக்கற வேரியபிள்) 0 ஆக்கணும், ஏன்னா அது ஜெயிச்சா எர்நோவைத் தொடாது, பழைய எரர் அங்கேயே கிடந்து உங்களைக் குழப்பும். ஓவர்ஃப்ளோ ஆனா லாங் மேக்ஸ் அல்லது லாங் மின்னை ரிட்டர்ன் பண்ணிட்டு எர்நோல ஈரேஞ்ச்னு (ERANGE, ரேஞ்ச் தாண்டிடுச்சுன்னு அர்த்தம்) வைக்கும், மதிப்பை மட்டும் பாத்தா போதாது, ஏன்னா ஒருத்தர் நிஜமாவே அந்த மேக்ஸிமம் நம்பரையே டைப் பண்ணிருக்கலாம். மூணாவது, எங்க நிறுத்துச்சுன்னு அது குடுக்கற பாயின்டரைப் பாக்கணும். ஆரம்பிச்ச இடத்துலயே நின்னா நம்பரே இல்ல, வரி முடியறதுக்கு முன்னாடி நின்னா 12க்கு அப்புறம் குப்பை ஏதோ இருக்குன்னு அர்த்தம். நாலாவது, பேஸ் 10ன்னு தெளிவா குடுங்க, 0 குடுத்தா 010ங்கறதை ஆக்டல்னு, அதாவது எட்டை அடிப்படையா வச்ச எண்ணுன்னு, எடுத்துகிட்டு 8ஆ மாத்திடும். ஸ்கேன்எஃப்ல பர்சென்ட் ஐ போடறவங்களுக்கும் இதே கதைதான்.

12. நீங்க சொன்னபடியே எழுதினேன், விண்டோஸ்ல 9876543210க்கு எரர் வருது, லினக்ஸ்ல வரலையே?

இதுக்காக ஒரு பையன் ரெண்டு நாள் உக்காந்திருந்தான், பாவம், அவன் கோட்ல தப்புன்னு சொல்லவும் முடியாத மாதிரி ஒரு தப்பு. 64 பிட் லினக்ஸ்ல லாங் 64 பிட், விண்டோஸ்ல 64 பிட் மிஷினா இருந்தாலும் லாங் 32 பிட்தான். எஸ்டிஆர்டூஎல் லாங்கோட ரேஞ்சைத்தான் செக் பண்ணும், உங்க இன்ட்டோட ரேஞ்சை இல்ல. விண்டோஸ்ல ரெண்டும் ஒண்ணுங்கறதால ஈரேஞ்ச் செக் மட்டும் போட்டாலே வேலை செய்யற மாதிரி தெரியும். லினக்ஸ்ல அந்த நம்பர் லாங்ல அடங்கிடும், எர்நோ 0, அதை இன்ட்ல அசைன் பண்ணும்போது வெட்டு விழும், திரும்ப 3வது கேள்விக்கே வந்துட்டோம்.

அதனால ரிசல்ட்டை லாங்லயே வச்சுக்கோங்க. முதல்ல எர்நோ செக், அப்புறம் உங்க சொந்த லிமிட், வயசுன்னா 0க்கும் 150க்கும், ரெண்டும் லாங் வேரியபிள் மேலயே. ரெண்டும் பாஸ் ஆன அப்புறம்தான் இன்ட்க்கு மாத்தணும். 6ல சொன்ன இஃப் இப்போ வேலை செய்யும், ஏன்னா இப்போ அது வெட்டு விழறதுக்கு முன்னாடி நிக்குது.

13. நம்பருக்கு லிமிட் சேத்து குடுக்கற மாதிரி ஒரே ஃபங்ஷன் கிடையாதா?

இருக்கு, ஓப்பன்பிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல. எஸ்டிஆர்டூநம்னு (strtonum) பேரு, 2004ல ஓப்பன்பிஎஸ்டி 3.6ல வந்துச்சு. டெக்ஸ்ட், குறைஞ்சபட்சம், அதிகபட்சம் மூணையும் குடுத்தா போதும், தப்பா இருந்தா ரொம்பப் பெருசா ரொம்பச் சின்னதா நம்பரே இல்லையான்னு தனியா சொல்லும். 11லயும் 12லயும் நான் பக்கம் பக்கமா சொன்ன எல்லா கவலையும் அதுல உள்ளேயே முடிஞ்சிடுது. ஜிலிப்சில அது இல்ல, ஆனா அதே மாதிரி ஒரு ஃபங்ஷனை நீங்களே ஒரு தடவை எழுதி ப்ராஜெக்ட்ல எல்லா இடத்துலயும் அதை மட்டும் கூப்பிடலாம், இருபது வரிகூட ஆகாது. நான் எந்த ப்ராஜெக்ட்ல உக்காந்தாலும் முதல்ல செய்யற வேலை அதுதான்.

14. சி++ல சி-இன் போட்டா இந்தப் பிரச்சனை இல்லைன்னு சார் சொன்னார்.

பாதி சரி. சி-இன் (cin, சி++ல இன்புட் வாங்கறது) இன்ட்க்கு ரேஞ்ச் செக் பண்ணும். சி++11ல இருந்து, ஓவர்ஃப்ளோ ஆனா வேரியபிள்ல மேக்ஸிமம் இல்லேன்னா மினிமம் வச்சுட்டு ஃபெயில்பிட்டை, அதாவது படிக்கறது தோத்துச்சுங்கற அடையாளத்தை, ஏத்திடும். நம்பரே இல்லாம எழுத்து இருந்தா 0 வச்சுட்டு ஃபெயில்பிட். அந்த ஃபெயில்பிட்டை யாரு பாக்கறா, அதான் கேள்வி. பாக்கலேன்னா கஸ்டமர் லிஸ்ட்ல எல்லாருக்கும் ஃபோன் நம்பர் 2147483647ன்னு சேவ் ஆகும், நான் அப்படி ஒரு ஃபைலையே பாத்திருக்கேன். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ஸ்ட்ரிக்ட் மோட் (தப்பான மதிப்பை மறுக்கற செட்டிங்) இல்லாம இன்ட் காலம்ல ஃபோன் நம்பர் போட்டாலும் இதே நம்பர்தான் வந்து நிக்கும். இந்த நம்பரை எங்கயாவது டேட்டால பாத்தீங்கன்னா யாரோ ஓவர்ஃப்ளோவைக் கவனிக்கலேன்னு உடனே புரிஞ்சுக்கலாம்.

இன்னொரு விஷயம், ஒரு தடவை ஃபெயில் ஆயிட்டா அதுக்கப்புறம் வர்ற எல்லா ரீடும் ஒண்ணும் செய்யாது, வேரியபிளைத் தொடக்கூட தொடாது, பழைய மதிப்பு அப்படியே இருக்கும். ஆக மேக்ஸிமம், 0, பழைய மதிப்புன்னு மூணு விதமான தப்பு ஒரே லைன்ல வரலாம்.

15. ஃபைல்ல ஆயிரம் நம்பர் இருக்கு, வைல் லூப்ல சி-இன் போட்டு கூட்டினேன், டோட்டல் கம்மியா வருது ஆனா எரர் இல்ல.

நடுவுல எங்கயோ ஒரு நம்பர் ரேஞ்ச் தாண்டிருக்கும். சி-இன் ஃபெயில் ஆனா வைல் கண்டிஷன் பொய் ஆயிடும், ஃபைல் முடிஞ்சாலும் பொய் ஆயிடும், லூப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனால 400வது வரியில பெரிய நம்பர் இருந்தா மீதி 600ஐயும் விட்டுட்டு, ஃபைல் நல்லபடியா முடிஞ்ச மாதிரி டோட்டலைக் காட்டும்.

லூப் முடிஞ்ச உடனே ஃபைலோட கடைசியைத் தொட்டுதா இல்லையான்னு கேளுங்க. தொடலேன்னா நடுவுல நின்னுருக்கு. ஆனா ஓவர்ஃப்ளோ ஆன நம்பரே ஃபைலோட கடைசி எழுத்தா இருந்தா இந்த செக்கும் ஏமாத்தும், அதனால பணம், ஸ்டாக் மாதிரி விஷயத்துக்கு நான் வரி வரியா டெக்ஸ்டா வாங்கி மாத்தறதுதான் வழக்கம்.

16. அன்சைன்ட்ல நெகட்டிவே வராது, அதனால அதுல வாங்கினா சேஃப் தானே?

அய்யோ, இல்ல. சி-இன் வச்சு அன்சைன்ட் இன்ட்ல -1 குடுங்க, 4294967295 வந்து உக்காரும், ஃபெயில்பிட் ஏறாது. 14ல சொன்ன ரேஞ்ச் செக் எல்லாம் இங்க வேலை செய்யல, ஏன்னா அன்சைன்ட் கன்வர்ஷன்ல மைனஸ் குறியை ஏத்துக்கிட்டு மதிப்பைத் திருப்பிப் போடறதுதான் விதி. சி-ல எஸ்டிஆர்டூயூஎல்லும் (strtoul, எஸ்டிஆர்டூஎல்லோட அன்சைன்ட் வடிவம்) இதேதான், -1 குடுத்தா அதிகபட்ச மதிப்பு வரும், எர்நோ 0. சைன்ட்ல ஒரு விதி, அன்சைன்ட்ல ஒரு விதி. நெகட்டிவ் வரக்கூடாதுன்னா பெரிய சைன்ட் டைப்ல வாங்கி 0க்குக் கீழ இருக்கான்னு பாருங்க.

17. இதெல்லாம் லேப்ல சரி, நிஜத்துல யாரு போய் -1 டைப் பண்ணப் போறாங்க?

பண்ணாங்க. லினக்ஸ்ல சூடோன்னு ஒரு கமாண்ட் இருக்குல்ல, இன்னொரு யூசர் பேர்ல ப்ரோக்ராம் ஓட்டறதுக்கு. ரூட்னா எல்லா அதிகாரமும் இருக்கற யூசர், ஐடி 0. "இவர் ரூட்டைத் தவிர வேற யார் பேர்லயும் ஓட்டலாம்"னு அட்மின் ஒரு ரூல் எழுதிருந்தா, அந்த ஆள் யூசர் ஐடின்னு -1 அல்லது 4294967295 குடுத்தா போதும், ரூட்டாவே ஓடிடுச்சு. ரெண்டும் 32 பிட்ல ஒரே பிட் வரிசை, ஐடி மாத்தற சிஸ்டம் காலுக்கு -1ன்னா "மாத்தாதே"ன்னு அர்த்தம், சூடோ ஏற்கனவே ரூட்டா ஓடிட்டிருக்கறதால ரூட்டாவே நின்னுடுச்சு. ரூலை செக் பண்ணின இடத்துல அந்த நம்பர் 0 இல்ல, அதனால ரூட் இல்லைன்னு பாஸ் பண்ணிடுச்சு. 2019 அக்டோபர்ல 1.8.28 வெர்ஷன்ல சரி பண்ணாங்க, அந்தப் பாதுகாப்புக் குறையோட பொதுப் பதிவு எண் சிவிஇ-2019-14287.

அதுக்கு முந்தின வருஷம், யாருக்கு எந்த அனுமதின்னு முடிவு பண்ற போல்கிட்ல இதோட சொந்தக்காரன் மாதிரி ஒண்ணு, சிவிஇ-2018-19788. யூசர் ஐடி 2147483647ஐ விடப் பெருசா இருக்கற ஒரு சாதாரண யூசர், அட்மின் மட்டுமே ஓட்ட வேண்டிய சிஸ்டம்சிடிஎல் கமாண்டை ஓட்ட முடிஞ்சுது. ஒரு இடத்துல அன்சைன்டா இருக்கற ஐடி இன்னொரு இடத்துல சைன்டா மாறினதுதான் வினை. இந்த ரெண்டையும் எழுதினவங்க அனுபவசாலிகள், அதனாலதான் இதை நான் ஜூனியர்ஸ்கிட்ட அழுத்திச் சொல்றேன்.

18. சில இடத்துல செக் போட்டு சில இடத்துல விட்டா என்ன பெருசா ஆயிடும்? அந்த வேரியபிள்ல பெரிய நம்பர் வராதுன்னு எனக்குத் தெரியுமே.

1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானால கூரூ ஏவுதளம், ஏரியன் 5 ராக்கெட்டோட முதல் பயணம். ஏரியன் 4ல இருந்து எடுத்த வழிகாட்டிக் கருவி சாஃப்ட்வேர்ல, கிடைமட்ட வேகம் சம்பந்தப்பட்ட ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் இன்டீஜரா மாத்தற ஒரு வரி. ஏரியன் 5 பாதை வேற, அந்த மதிப்பு 32767ஐத் தாண்டிடுச்சு, கன்வர்ஷன் தோத்துச்சு, ஒரே சாஃப்ட்வேர் ஓடின பேக்கப் கருவியும் மெயின் கருவியும் ரெண்டுமே நின்னுடுச்சு. கிளம்பி 40 செகண்ட்கூட ஆகல, ராக்கெட் திசை திரும்பி உடைஞ்சுது.

விசாரணை அறிக்கையில எனக்கு மறக்கவே முடியாத விஷயம் ஒண்ணு. இந்த மாதிரி ஆபத்து இருந்த வேரியபிள் ஏழு. நாலுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தாங்க, மூணுக்குப் போடல. ப்ராசஸர் லோடு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு இலக்கு, அந்த மூணும் இயல்பாவே பெருசா ஆகாது அல்லது நிறைய இடம் மிச்சம் இருக்குன்னு ஒரு கணிப்பு. ஏரியன் 4க்கு அந்தக் கணிப்பு சரிதான். மொழி ஏடா, ரேஞ்ச் செக்குக்கே பேர் போன மொழி. "வராதுன்னு எனக்குத் தெரியும்"னு நீங்க சொன்ன அதே வார்த்தையைத்தான் அவங்களும் யோசிச்சு, கணக்குப் போட்டு சொன்னாங்க.

19. கோட்ல நேரா 3000000000 எழுதினா கம்பைலர் வார்னிங் குடுக்குது, இன்புட்டா வந்தா ஏன் குடுக்கல?

கோட்ல எழுதின நம்பர் கம்பைல் பண்ணும்போதே கண்ணுக்குத் தெரியுது, ஜிசிசி எதுவும் கேக்காமலே ஓவர்ஃப்ளோன்னு சொல்லி -1294967296 ஆகும்னுகூட காட்டும். இன்புட் வர்றது ஓடும்போது, அதுவும் லைப்ரரிக்குள்ள, அங்க கம்பைலர் இல்ல. இந்த மாதிரி தப்பை ஓடும்போது பிடிக்கற யூபிசேன் (UBSan) கருவிக்கும் ஸ்கேன்எஃப் உள்ள நடக்கற வெட்டு தெரியாது, ஏன்னா லைப்ரரி அந்த ஆப்ஷனோட கம்பைல் ஆகல. 12ல சொன்ன லாங்ல இருந்து இன்ட் அசைன்மெண்டைப் பிடிக்க டபிள்யூ-கன்வர்ஷன்னு ஒரு வார்னிங் இருக்கு, வால், எக்ஸ்ட்ரா (-Wall, -Wextra) ரெண்டு ஆப்ஷன் போட்டாலும் சி-ல அது சேராது, தனியா போடணும்.

ஃபோர்ட்ரான் பண்றவங்க இதையே தலைகீழா கேப்பாங்க: ஜிஃபோர்ட்ரான்ல -2147483648ன்னு கோட்ல எழுதினா எரர், அதையே ஃபைல்ல இருந்து ரீட் பண்ணா ஓகே, ஏன்? ஃபோர்ட்ரான் இலக்கணத்துல மைனஸ் நம்பரோட பகுதி இல்ல, அது தனி ஆபரேட்டர். அதனால கம்பைலர் முதல்ல 2147483648ஐப் பாக்குது, அது 32 பிட்ல அடங்காது. ரீட்ல குறியும் சேந்து ஒரே மதிப்பா வருது. நோ ரேஞ்ச் செக் ஆப்ஷன் போட்டா கம்பைலர் விட்டுடும், ஆனா அதைப் போட்டா மத்த கான்ஸ்டன்ட் செக்கும் சேந்து போயிடும். ஒரு நம்பருக்காக அதைச் செய்யாதீங்க, -2147483647ன்னு எழுதி அதுல இருந்து 1ஐக் கழிங்க, சி-ல இன்ட் மின்னை வரையறுக்கறதே அப்படித்தான்.

20. சி++ல டெக்ஸ்டை நம்பரா மாத்த எஸ்டூஐ (stoi), ஃப்ரம்கேர்ஸ் (from_chars), ரெண்டுல எது?

ஃப்ரம்கேர்ஸ், சி++17 இருந்தா. எஸ்டூஐ இன்ட் ரேஞ்சை ஒழுங்கா செக் பண்ணி எக்ஸெப்ஷன் எறியும், ஆனா 12க்கு அப்புறம் எழுத்து ஒட்டிட்டு இருந்தாலும் 12ன்னு எடுத்துக்கும், எஸ்டூயூஎல்ல 16ல சொன்ன மைனஸ் விளையாட்டு அப்படியே இருக்கு. ஃப்ரம்கேர்ஸ் எந்த டைப் குடுக்கறீங்களோ அந்த டைப்போட ரேஞ்சை செக் பண்ணும், அன்சைன்ட்க்கு மைனஸை ஏத்துக்காது, தோத்தா உங்க வேரியபிளைத் தொடாது. முன்னாடி ஸ்பேஸ் இருந்தாலும் ப்ளஸ் குறி இருந்தாலும் மறுத்துடும், அதை மட்டும் நீங்க முதல்ல சுத்தம் பண்ணணும். எங்க நின்னுச்சுன்னு 11ல சொன்ன மாதிரி இங்கயும் பாக்கணும்.

எட்டு பிட் இன்டீஜர் வேணும்னு இன்ட்8டி போட்டு சி-இன்ல வாங்கறவங்க கவனிக்கவும், நடைமுறையில அது கேர்தான், 5 அடிச்சா அந்த எழுத்தோட கோட் 53 உள்ள போகும். ஃப்ரம்கேர்ஸ்க்கு அந்தக் குழப்பம் இல்ல, நம்பராவே எடுத்துக்கும்.

21. ரஸ்ட், கோ எல்லாம் இதைச் சரி பண்ணிடுச்சாமே?

இன்புட் மாத்தற இடத்துல சரி பண்ணிருக்கு. ரஸ்ட்ல யூ8க்கு (8 பிட் அன்சைன்ட், 255 வரைக்கும்) 256 குடுத்து பார்ஸ் பண்ணா ஓவர்ஃப்ளோன்னு எரர், -1 குடுத்தா தப்பான எழுத்துன்னு எரர், எரரைக் கவனிக்காம மதிப்பை எடுக்கவே முடியாது. கோலயும் பிட் அளவைச் சொல்லி மாத்தினா ரேஞ்ச் எரர் வரும். ஆனா பெரிய டைப்ல வாங்கிட்டு சின்ன டைப்புக்கு நேரா மாத்தினா ரெண்டு மொழியுமே சத்தமில்லாம வெட்டும், ரஸ்ட்ல 300ஐ ஆஸ் போட்டு யூ8 ஆக்கினா 44 தான். 9ல பாத்த அதே 44.

22. ஃபோன் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் லாங் லாங்ல வச்சுக்கலாமா?

அடங்கும், ஆனா வைக்காதீங்க. அதையெல்லாம் யாரும் கூட்டிக் கழிக்கப் போறதில்ல. முன்னாடி 0 இருந்தா போயிடும், நாட்டு கோடோட ப்ளஸ் போயிடும். டெக்ஸ்டா வச்சுக்கிட்டு எல்லாம் டிஜிட்டா, நீளம் சரியான்னு பாருங்க.

23. என் ப்ரோக்ராம் சரியா இருக்கான்னு எந்தெந்த இன்புட் குடுத்து டெஸ்ட் பண்ணணும்?

முதல்ல உங்க சொந்த லிமிட், அதைத் தாண்டி ஒண்ணு, வயசுன்னா 150, 151, 0, -1. அப்புறம் இன்ட்டோட ரெண்டு ஓரம், 2147483647, 2147483648, -2147483648, -2147483649. அதுக்கப்புறம் முக்கியமானது, 4294967296ஓட உங்களுக்கு ஓகேவான ஒரு நம்பரைக் கூட்டிக் குடுங்க, 6ல பாத்த 4294967316 மாதிரி, ரிவ்யூக்கு வர்ற கோட்ல பெரும்பாலும் இங்கதான் விழுது. 4ல பாத்த இருபது தடவை 9. காலியா என்டர். வெறும் ஸ்பேஸ். வெறும் மைனஸ். 12க்கு அப்புறம் ஒரு எழுத்து, 12.5, 010. ஒவ்வொண்ணுக்கும் ப்ரோக்ராம் ஏத்துக்கணுமா மறுக்கணுமான்னு முதல்லயே ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு ஓட்டுங்க, ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணா வந்த பதிலே சரின்னு தோணிடும்.